ஷோர்: ரெண்டு கையால பிடிக்க வேண்டிய வார்த்தை

இன்டர்னல், ரெகார்டு, அசைன்மென்ட்னு ஓடிட்டே இருக்கீங்களா? ஒரு டீ குடிக்கிற நேரம் உக்காருங்க. இந்த வாரம் நம்ம பக்கத்துக்கு வந்திருக்கிற வார்த்தை ஸ்வீடன்காரங்களோடது. பேரு 'ஷோர்'. டிக்‌ஷனரியைப் பிரிச்சா 'எளிதில் உடையக்கூடிய'னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ஆனா அந்த ஒரு வரியை நம்பி எங்க சீனியர் ஒருத்தர் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தார். அந்தக் கதையிலேர்ந்து ஆரம்பிப்போம்.

அவர் பேர் வேணாம், அண்ணானே வெச்சுப்போம். மெக்கானிக்கல் முடிச்சிட்டு, மெட்டீரியல் சயின்ஸ்ல மாஸ்டர்ஸ் பண்ண ஸ்வீடனுக்கு வடக்கே இருக்கிற லூலியோங்கிற ஊருக்குப் போனார். கடலோர ஊர். குளிர்காலத்துல அந்தக் கடலே உறைஞ்சிடும். டிசம்பர்ல சூரியன் மூணு மணி நேரம் எட்டிப் பார்த்துட்டு 'வர்றேன் பாஸ்'னு கிளம்பிடும். அப்படி ஒரு டிசம்பர்ல அண்ணாவுக்கு முதல் எக்ஸாம் ரிசல்ட் வந்தது. ஊத்திக்கிச்சு! நம்ம அரியர் மாதிரி அங்கேயும் திரும்ப எழுதலாம். அதுக்கு 'ஒம்தெந்தா'னு பேரு. ஆனா காலேஜ்ல ஒரு அரியர்கூட வெச்சதில்லாத மனுஷனுக்கு அந்தப் பேரே வயித்தைக் கலக்கிடுச்சு.

அவர் வாடகைக்கு இருந்தது ஒரு பாட்டியோட வீட்டு மாடி ரூம்ல. சாயந்திரம் கிச்சன்ல காபி போட்டுக்கிட்டு இருந்தவர்கிட்ட அந்தப் பாட்டி மெதுவா, "தூ ஏ லீத்தெ ஷோர் யுஸ்த் நூ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. 'இப்போ நீ கொஞ்சம் ஷோரா இருக்கே'ன்னு அர்த்தம். அண்ணா ரூமுக்கு ஓடிப்போய் அந்த வார்த்தையை மொபைல்ல தட்டிப் பார்த்தா, பிரிட்டில்!

எங்களுக்கு நடுராத்திரி 12.30 மணி. ஹாஸ்டல்ல போன் அடிக்குது. "டேய், ஹவுஸ் ஓனரம்மா என்னைப் பார்த்து பிரிட்டில்னு சொல்லிட்டாங்கடா! நான் என்ன வார்ப்பிரும்பா?"

சிவில், மெக்கானிக்கல் மக்களுக்கு இந்த வலி புரியும். எங்க அகராதியில பிரிட்டில்ங்கிறது ஒரு மெட்டீரியலுக்குக் கொடுக்கிற மோசமான கான்டக்ட் சர்டிஃபிகேட். ஸ்ட்ரென்த் லேப்ல மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்தா, அது நீளும், நடுவுல இடுப்பு மாதிரி ஒல்லியாகும், அப்புறம்தான் அறுந்து போகும். 'தாங்க முடியல, நிறுத்துங்கப்பா'ன்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போற ஜென்டில்மேன் அது. வார்ப்பிரும்பு அப்படி இல்ல. நீளாது, ஒல்லியாகாது, மூச்சு விடாது. திடீர்னு 'டப்'! அவ்ளோதான்.

நான் தூக்கக் கலக்கத்துல, "விடுங்கண்ணா, ஸ்ட்ராங்கா இருங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சிட்டேன். அந்த மாசம் அவர் எனக்குப் போன் பண்ணினது அது நாலாவது தடவை. நாலு தடவையும் நான் சொன்னது அதே டயலாக். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

வாயில நுழைய வைப்போம்!

முதல்ல உச்சரிப்பு. ஸ்வீடிஷ் எழுத்துல இந்த வார்த்தை 'ஸ், க்'னு ரெண்டு எழுத்தோட ஆரம்பிக்கும். ஆனா சில உயிரெழுத்துக்கு முன்னாடி இந்த ஜோடி வந்தா, ரெண்டும் சேர்ந்து 'ஷ' மாதிரி ஆயிடும். நாட்டோட தெற்கே போகப்போக அது தொண்டைக்குள்ள இறங்கி 'ஹ' மாதிரி கேட்கும். லூலியோ பக்கம் 'ஷ' போதும். நடுவுல வர்ற உயிரெழுத்து, 'ஓ' தலையில ரெண்டு புள்ளி வெச்ச எழுத்து. உதட்டை 'ஓ'வுக்குக் குவிச்சு வெச்சுக்கிட்டு 'ஏ' சொல்லிப் பாருங்க. பக்கத்துல ஆள் இல்லாதப்ப ட்ரை பண்ணுறது நல்லது.

அடுத்து கிராமர், பயப்படாதீங்க. ஸ்வீடிஷ்ல பெயர்ச்சொல்லுக்கு ரெண்டு ஜாதி. அதுக்கேத்த மாதிரி அட்ஜெக்டிவ் வால் மாத்திக்கும். ஐஸ் ஒரு ஜாதி, அதனால 'ஷோர் ஈஸ்'. கண்ணாடி இன்னொரு ஜாதி, அதனால கடைசியில ஒரு 'த்' ஒட்டிக்கும். இங்கதான் நமக்கு ஒரு போனஸ். ஸ்வீடிஷ்ல 'ர்'ரும் 'த்'தும் அடுத்தடுத்து வந்தா, நாட்டோட பெரும்பகுதியில ரெண்டும் கலந்து நாக்கு மேல மடிஞ்சு, நம்ம 'ட்' மாதிரி ஆயிடும். ஸோ, உடையுற கண்ணாடி 'ஷோட் க்ளாஸ்'. இந்த 'ட்'டுக்காக வெள்ளைக்காரங்க பலர் மாசக்கணக்கா நாக்கை மடிச்சுப் பழகுறாங்க. நமக்கு அது அம்மா சொல்லிக் கொடுத்தது! நிறைய பொருள்னா, 'ஷோரா'. தட்ஸ் ஆல், கிராமர் ஓவர்.

அட்டைப்பெட்டியும் ரொட்டியும்

மறுநாள் காலையில அண்ணா பொறுக்க முடியாம பாட்டிகிட்டயே கேட்டுட்டார். "நான் பிரிட்டிலா?"

பாட்டி சிரிக்கல. ஷெல்ஃப் மேலேர்ந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாங்க. உள்ளே பழைய பேப்பர்ல சுத்தின கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகள். அவங்க அம்மா காலத்து சமாச்சாரம். ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வெச்சு, "இது ஷோர். அதான் ரெண்டு கையால எடுக்கிறேன்"னாங்க.

அப்புறம் மேஜையில இருந்த ஒரு வட்ட ரொட்டியைப் படக்குனு ஒடிச்சாங்க. ஸ்வீடன்காரங்க வீட்டுல ரொம்ப சகஜமா இருக்கிற 'க்னெக்கெப்ரோத்'. கம்பு ராகி மாதிரி அங்க விளையுற ரை தானியத்துல சுடுற, காய்ஞ்ச தட்டை மாதிரி ரொட்டி. பேர்லயே 'உடைக்கிற' சத்தம் இருக்கு பாருங்க. பழைய நாள்ல நடுவுல ஓட்டை போட்டு, கழியில கோத்து, மாசக்கணக்கா உத்தரத்துல தொங்க விடுவாங்க. "இது ஸ்ப்ரோத். இதை நான் சாப்பிடுறேன்"னு ஒரு துண்டை வாயில போட்டுக்கிட்டாங்க.

அண்ணாவுக்கு அப்போதான் லைட் எரிஞ்சது. நம்ம டெக்ஸ்ட் புக்குல பிரிட்டில்னு ஒரே பெட்டியில போட்டதை, ஸ்வீடன்காரங்க ரெண்டு பெட்டியில வெச்சிருக்காங்க.

'ஸ்ப்ரோத்'ங்கிறது ஒரு பொருள் எப்படி உடையும்னு சொல்ற வார்த்தை. வளையாம, நீளாம, படக்குனு. அதனால இன்ஜினீயர் பேசுற பிரிட்டிலுக்கு அங்க இதுதான் சரியான சொல். அப்படி உடையுறதுக்கு 'ஸ்ப்ரோத்ப்ரொத்'னு பேரு. இதுல 'ப்ரொத்'ங்கிறது உடைப்பு. அதே வார்த்தைக்கு குற்றம்னும் அர்த்தம் உண்டு. ஸ்வீடிஷ்ல இரும்பு உடைஞ்சாலும் ப்ரொத், சட்டத்தை உடைச்சாலும் ப்ரொத்!

ஆனா கிச்சனுக்குள்ள வந்துட்டா அதே ஸ்ப்ரோத் பாராட்டு ஆயிடும். பிஸ்கட் ஸ்ப்ரோத்தா இருக்குன்னா, சூப்பரா மொறுமொறுன்னு இருக்குன்னு அர்த்தம். ஃப்ரெஷ்ஷான கீரை இலையும் அப்படித்தான். மெல்லிசா, கண்ணாடி மணி அடிச்ச மாதிரி பாடுற குரலை 'ஸ்ப்ரோத் ரொஸ்த்'னு சொல்லுவாங்க. அதுவும் புகழ்ச்சிதான். நம்ம ஊர் முறுகல் தோசையை அந்தப் பாட்டிகிட்ட கொடுத்தா கண்டிப்பா 'ஸ்ப்ரோத்'னுதான் சர்டிஃபிகேட் கிடைக்கும்.

'ஷோர்' வேற. அந்தப் பொருளை நீ எப்படிப் பிடிக்கணும்னு சொல்ற வார்த்தை. அது உடைஞ்சா நஷ்டம், அதனால கவனம்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் இருக்கும். ரொட்டியை 'ஷோர்'னு பாராட்டினா கேட்கிறவங்க குழம்பிடுவாங்க.

எங்கெல்லாம் வரும்?

கண்ணாடி, பீங்கான், பழைய புத்தகத்தோட பழுப்புத் தாள்... இதெல்லாம் ஷோர். பேப்பர்ல வர்ற போர்நிறுத்தச் செய்தியிலயும் அடிக்கடி வரும். போர்நிறுத்தத்துக்கு அங்க 'வாப்பென்வீலா'னு பேரு, ஆயுதங்களுக்கு ஓய்வு. அது எப்போ வேணா முறியலாம்னு இருந்தா 'ஷோர் வாப்பென்வீலா'.

ஒரு பழமொழி மாதிரியும் இருக்கு: 'ஷோர் த்ரோத்'தில் தொங்குறது. த்ரோத்னா நூல். வேலையோ உறவோ உயிரோ, ஒரு இத்துப்போன நூல்ல ஊசலாடுதுன்னு சொல்ல இதுதான் அங்க வழக்கம். இங்கே ஒரு விஷயம் கவனிங்க. இன்ஜினீயர் கண்ணுல நூல் பிரிட்டிலே கிடையாது. வளையும், சுருளும், முடிச்சுப் போடலாம். இருந்தும் அது ஷோர். ஏன்னா அதுல ஏதோ முக்கியமானது தொங்கிக்கிட்டு இருக்கு. இந்த ஒரு உதாரணத்துலயே ரெண்டு வார்த்தைக்கும் உள்ள தூரம் புரிஞ்சிடும்.

பார்சல் மேல ஒட்டுற 'ஜாக்கிரதை' ஸ்டிக்கர்ல மட்டும் ஷோரைத் தேடாதீங்க. அங்க அவங்க சித்தப்பா பையன் 'ஓம்தோலிக்' உக்காந்திருப்பார். சட்டுனு அடிபடக்கூடிய பொருள்னு அர்த்தம். பேசவே சங்கடமான விஷயத்தையும் அதே வார்த்தையில சொல்லுவாங்க.

இந்தக் குடும்பத்துக்கே எதிரி ஒருத்தர் இருக்கார். பேரு 'ஸேக்'. இழுத்தா இழுபடும், சட்டுனு அறுகாது. ஒரு ஸ்டீலை ஸேக்னு சொன்னா அதுக்குப் பெருமை. ஆனா ஹோட்டல்ல கறி ஸேக்கா இருந்தா, ரப்பர் மாதிரி இருக்குன்னு அர்த்தம். லெக்சர் ஸேக்கா இருந்தா, மதியம் முதல் பீரியட்ல வர்ற அந்த லெக்சர்தான், உங்களுக்கே தெரியும்! 'இன்னிக்கு நான் ஸேக்'னு ஒருத்தர் சொன்னா, உடம்பு அசைய மாட்டேங்குதுன்னு அர்த்தம். பாலத்துல இருந்தா நல்லது, பகல் கிளாஸ்ல இருந்தா கஷ்டம்.

இரும்புக்கு வந்த சந்தேகம்

ஸ்வீடன்காரங்க உடையுறதைப் பத்தி இவ்ளோ யோசிச்சதுக்கு அவங்களோட பழைய தொழிலும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. பல நூறு வருஷமா இரும்பு வித்த நாடு அது. இரும்பு எப்போ உடையும்னு தெரியலைன்னா வியாபாரம் காலி. அதனால உடைப்புக்கே ரெண்டு பேர் வெச்சாங்க. சிவக்கக் காய்ச்சி அடிக்கும்போது பிளக்கிற இரும்பு 'ரோத்ப்ரெக்த்'. இதுக்குக் காரணம் கந்தகம். குளிர்ந்த நிலையில உடையுற இரும்பு 'கல்ப்ரெக்த்'. இதுக்குக் காரணம் பாஸ்பரஸ்.

இந்தக் கல்ப்ரெக்த் ஒரு தனிமத்தையே கண்டுபிடிக்க வெச்சது தெரியுமா? 1830. நில்ஸ் காப்ரியேல் ஸெஃப்ஸ்ட்ரோம்னு ஒரு விஞ்ஞானி. ஃபாலுன் ஊர் சுரங்கப் பள்ளியில இருந்தவர். அந்தக் காலத்துல இரும்பு குளிர்ல உடையுமான்னு பார்க்க ஒரு டெஸ்ட் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல இரும்பைக் கரைச்சா, கறுப்புத் தூள் வந்தா ஆசாமி உடையுற டைப். தாபெரிய் மலைத் தாதுல செஞ்ச இரும்பு, நல்லா வளைஞ்சு கொடுக்கிற தங்கமான இரும்புன்னு பேர் வாங்கினது. அதை இவர் டெஸ்ட் பண்ணினா, கறுப்புத் தூள்!

டெஸ்ட்டை நம்பி 'இது வேஸ்ட்'னு முத்திரை குத்தியிருக்கலாம். ஸெஃப்ஸ்ட்ரோம் அந்தத் தூளுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டினார். உள்ளே இருந்தது ஒரு புதுத் தனிமம். நார்ஸ் புராணத்து அழகு தேவதை ஃப்ரேயாவோட இன்னொரு பேரான வானதீஸை வெச்சு, 'வனேடியம்'னு பேர் சூட்டினாங்க. உண்மையில 1801-லயே மெக்சிகோவுல ஆந்த்ரேஸ் மனுவேல் தெல் ரியோ அதைப் பார்த்துட்டார். ஆனா அது குரோமியம்தான்னு அடுத்தவங்க சொன்னதைக் கேட்டு, அவரே தன் கண்டுபிடிப்பைக் கைவிட்டுட்டார். பாவம்! இன்னிக்கு அதே வனேடியத்தைத் துளித்துளியா சேர்த்து ஸ்டீலை வலுவாக்குறோம். ஒர்க் ஷாப்புக்குப் போனா, ஸ்பேனர் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்க. நிறைய ஸ்பேனர்ல 'குரோம் வனேடியம்'னு பொறிச்சிருக்கும். உடையுற இரும்புன்னு சந்தேகப்பட்ட தூளுக்குள்ளேர்ந்து வந்தவர் அவர்தான்.

அண்ணா இருக்கிற லூலியோவுக்கும் இதுல பங்கு உண்டு. அந்தப் பக்கத்து மலைகள்ல தாது மலையா குவிஞ்சு கிடந்தது. ஆனா பாஸ்பரஸ் ஜாஸ்தி. செஞ்ச ஸ்டீல் குளிர்ல உடையும், யாருக்கும் வேணாம். 1870-களின் கடைசியில சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ்ங்கிற இங்கிலாந்துக்காரர், உலைக்குள்ள சுண்ணாம்புச் சத்துள்ள பூச்சு போட்டு பாஸ்பரஸைக் கசடோட பிரிச்சு எடுக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். அப்புறம்தான் அந்தத் தாதுக்கு மவுசு. 1888-ல மால்ம்பெரிய் சுரங்கத்துலேர்ந்து லூலியோ துறைமுகத்துக்குத் தாது ரயில் ஓட ஆரம்பிச்சது. பிரிச்ச கசடைக்கூட விடல, வயலுக்கு உரமா வித்தாங்க! உடையுதுன்னு ஒதுக்கினதை, எதனால உடையுதுன்னு கேட்டுப் பார்த்ததால வந்த வாழ்வு.

பேன் இல்ல, எலும்பு!

இரும்பை விடுங்க, மனுஷனுக்கு வருவோம். வயசானா எலும்பு தேய்ஞ்சு ஈஸியா முறியுற ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கு சாதாரண ஸ்வீடன்காரங்க சொல்றது, 'பேன்ஷோர்ஹேத்'. பேன்னா எலும்பு (நம்ம தலையில ஓடுறது இல்லீங்கோ!). ஹேத்னா 'தன்மை'. ஆக, எலும்பு ஷோரா இருக்கிற தன்மை. டாக்டருக்கு மட்டும் புரியுற பேரா இல்லாம, கேட்ட உடனே பாட்டிக்கே புரியுற பேர். உலகத்துல இடுப்பு எலும்பு முறிவு அதிகமா பதிவாகிற நாடுகள்ல ஸ்வீடன், நார்வே எல்லாம் முன்வரிசை. அதனால இந்தச் சொல் அங்க வீட்டுச் சொல்.

ரொம்ப வயசாகி, ஒரு சின்னக் காய்ச்சலோ, கீழே விழுறதோகூடத் தாங்க முடியாத நிலையில இருக்கிறவங்களை அங்க மருத்துவத் துறையில 'ஷோரா எல்த்ரெ'னு சொல்லுவாங்க. எல்த்ரென்னா வயசானவங்க. யாரும் அதைத் திட்டா எடுத்துக்கிறதில்ல. இவங்களுக்குக் கூடுதல் கவனிப்பு வேணும்னு நர்ஸுக்குச் சொல்ற குறிப்பு அது. வார்த்தை வந்ததுமே பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை வந்துடுது.

இப்போ அந்த கிச்சனுக்குத் திரும்பலாம். பாட்டி சொன்ன வாக்கியத்துல ரெண்டு குட்டி வார்த்தைகளை அண்ணா டிக்‌ஷனரி அவசரத்துல கோட்டை விட்டுட்டார். 'லீத்தெ'ன்னா கொஞ்சம். 'யுஸ்த் நூ'ன்னா இப்போதைக்கு. பிரேக்கப், வீட்டுல துக்கம், எக்ஸாம் ஃபெயில், இருட்டுல தனியா இருக்கிறது... இப்படிப்பட்ட நாள்கள்ல ஒரு ஸ்வீடன்காரர் தன்னைப் பத்தியே 'இப்போ நான் கொஞ்சம் ஷோர்'னு சொல்லுவார். சொன்னா, கேட்கிறவங்க குரலைக் கொஞ்சம் தணிச்சுக்குவாங்க. அவ்ளோதான் மேட்டர். அது பிறவிக்குணமோ கேரக்டர் சர்டிஃபிகேட்டோ கிடையாது. அன்னிக்கு வானிலை எப்படின்னு சொல்ற மாதிரி.

மெட்டீரியல் சயின்ஸும் இதைத்தான் சொல்லுது. ஒரே சாதாரண ஸ்டீல், ரூம் வெப்பநிலையில நீண்டு வளைஞ்சு கொடுக்கும். கடுங்குளிர்ல அதே ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையும். ஸ்டீல் மாறல, சூழ்நிலை மாறிடுச்சு. கண்ணாடியும் அப்படித்தான். அது பலவீனமான பொருள்னு நினைச்சா தப்பு. 1921-ல கிரிஃபித் காட்டினது அதுதான்: கண்ணாடியை உடைக்கிறது, அது மேல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல்கள். இழுக்கும்போது அந்தக் கீறல் நுனியில மொத்த பாரமும் வந்து குவியும். ஸ்டீலா இருந்தா அந்த நுனி கொஞ்சம் நெளிஞ்சு மழுங்கிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது, அதனால கீறல் ஒரே ஓட்டமா ஓடிடும். நாலு வருஷம் அரியரே வெக்காத எங்க அண்ணாவை மனசுல வெச்சுக்கிட்டு அந்தச் சேப்டரைத் திரும்பப் படிச்சப்ப, எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்தது.

ஐஸ் மேல நடக்கிறவங்க

'அப்போ ஷோரா இருந்தா பொத்திப் பொத்தி வெக்கணுமா பாஸ்?'னு கேட்பீங்க. அங்கதான் ஐஸ் உதாரணம் வருது. ஏரி, கடல் உறைஞ்சா ஸ்வீடன்காரங்க வீட்டுல இருக்க மாட்டாங்க. அது மேல நடப்பாங்க, ஸ்கேட்டிங் போவாங்க. லூலியோவுல ஊரைச் சுத்தி உறைஞ்ச கடல் மேல பாதையே போட்டு விடுறாங்க. ஐஸ் உடையும்னு அவங்களுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். அதனால நடக்கிறதுக்கு 10 செ.மீ. கெட்டி ஐஸ் இருக்கான்னு பார்க்கணும்னு சின்ன வயசுலேர்ந்தே சொல்லிக் கொடுக்கிறாங்க. கழுத்துல 'ஈஸ்துபர்'னு ரெண்டு கைப்பிடி ஆணி மாட்டிக்குவாங்க. தவறி உள்ளே விழுந்தா ஐஸ்ல குத்திப் பிடிச்சு ஏற. தனியா மட்டும் போகாதேன்னுதான் முதல் ரூல். வசந்த காலத்து ஐஸ் இன்னும் மோசம். தடிமனா தெரியும், ஆனா வெயில் பட்டு உள்ளே ஊசி ஊசியா பிரிஞ்சிருக்கும். வெளித்தோற்றத்தை வெச்சு முடிவு பண்ணாதேன்னு அதுக்கும் தனிப்பாடம் உண்டு.

நம்ம அகராதியில என்ன இருக்கு?

இதைக் கேட்டதும் நம்ம பக்கத்துல ஷோருக்கு என்ன சொல்லுவோம்னு யோசிச்சேன். பொருளுக்குப் பிரச்னையே இல்ல. 'பார்த்துடா, கண்ணாடி', 'பூ மாதிரி வை', 'பதமா எடு'ன்னு வரிசையா வரும். உடம்புக்கு 'பூஞ்சை உடம்பு' இருக்கு. மனசுக்கு? எங்க ஹாஸ்டல் அகராதியைப் புரட்டினா கிடைச்சது: தொட்டாச்சிணுங்கி, அழுமூஞ்சி, சென்டிமென்ட் பார்ட்டி, வீக் பாடி. எல்லாமே கிண்டல். 'இப்போதைக்கு'ன்னு ஒரு வார்த்தை எதுலயும் ஒட்டாது. ஒரு தடவை அழுதா நாலு வருஷமும் அழுமூஞ்சிதான். அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க? வார்ப்பிரும்பு மாதிரி சத்தமில்லாம இருந்துட்டு ஒரு நாள் 'டப்'.

அதுக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே மருந்து, 'ஸ்ட்ராங்கா இரு மச்சி'. நான் நாலு தடவை கொடுத்த அதே மருந்து. யோசிச்சுப் பாருங்க, இழுத்துக்கிட்டு இருக்கிற கம்பியைப் பார்த்து 'ஸ்ட்ராங்கா இரு'ன்னு யாராவது சொல்லுவாங்களா? லோடைத்தானே குறைப்பாங்க! பாட்டி அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டை அவங்களே சமைச்சு மேஜையில வெச்சிருந்தாங்களாம். அண்ணா கோபத்துல கீழே இறங்கவே இல்ல. மறுநாள்தான் அதுவும் ஷோரோட அர்த்தத்துல சேர்ந்ததுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு.

அதனால என் ரூம்ல ஒரு மாற்றம் பண்ணியிருக்கோம். யாருக்காவது நாள் சரியில்லைன்னா கதவுல ஒரு சீட்டு ஒட்டலாம். அதுல ஒரே வார்த்தை: 'ஷோர்'. பக்கத்து ரூம் பசங்க அது ஏதோ ஷாம்பு பேர்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சீட்டைப் பார்த்தா கேள்வி கேட்க மாட்டோம், கலாய்க்க மாட்டோம். ஒரு டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காருவோம். பேசினா கேட்போம். இதுவரைக்கும் மூணு தடவை ஒட்டியிருக்கு. அதுல ஒரு தடவை ஒட்டினது நான்தான்.

போன வாரம் நானா அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். முதல் தடவையா! ஒம்தெந்தாவுல பாஸ் ஆயிட்டாராம். கண்ணாடி உருண்டைகளை மரத்துலேர்ந்து இறக்கி, பேப்பர்ல சுத்தி, பெட்டியில அடுக்குற வேலையை அந்த வருஷம் பாட்டி இவர்கிட்டதான் கொடுத்தாங்களாம். ஒண்ணுகூட உடையலைன்னு இன்னும் பெருமையா சொல்றார். கடைசியா கேட்டேன்:

"அண்ணா, இன்னிக்கு எப்படி? ஷோரா?"

கொஞ்சம் யோசிச்சார். "இல்லடா. இன்னிக்கு வெறும் ஸேக்."

வர்றேன் மக்களே, அடுத்த வாரம் வேற ஒரு வார்த்தையோட!